கலைடாஸ்கோப் என்றால் என்ன? அந்தப் பெயருக்கு என்ன பொருள்?

பெயரை முதலில் சொல்லிவிடுகிறேன். கிரேக்க மொழியில் காலோஸ் என்றால் அழகு, எய்டோஸ் என்றால் உருவம், ஸ்கோப்பெயோ என்றால் உற்றுப் பார்ப்பது. மூன்றையும் சேர்த்து இந்தப் பெயரை வைத்தவர் ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர். ஒளியின் பிரதிபலிப்பை ஆராய்ந்துகொண்டிருந்தவர் கையில் பிறந்த கருவி இது. 1817இல் காப்புரிமை வாங்கினார். ஆனால் அது அவருக்குப் பெரிதாக உதவவில்லை. விஷயம் வெளியே தெரிந்ததுமே ஆளாளுக்குச் செய்து விற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சென்னிமலை தைப்பூசத்தில் தேர்க்கடை போடும் இடத்தில் அட்டைக் குழலாகப் பார்த்திருப்பீர்கள், இல்லையென்றால் பள்ளியில் நீங்களே செய்திருப்பீர்கள். மூன்று கண்ணாடிப் பட்டைகளை முக்கோணமாக நிறுத்திக் கட்டி, கறுப்புத் தாள் சுற்றி, ஒரு முனையில் டிரேசிங் தாளுக்குள் உடைந்த வளையல் துண்டுகளைப் போட்டு, மறுமுனையில் கண்ணை வைத்துப் பார்த்தால் பூப்பூவாக டிசைன் தெரியும், அதுதான் கலைடாஸ்கோப். எல்லோரும் வளையல் துண்டுகளைத்தான் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், வேலை முழுவதையும் செய்வது கண்ணாடிகளுக்கு இடையில் இருக்கும் கோணம்.

நான் ஈரோட்டில் துணி பிரிண்டிங்குக்கு டிசைன் போடுகிறேன். நைட்டித் துணியோ பெட்ஷீட்டோ, முழுத் துணிக்கும் யாரும் வரைவதில்லை. ஒரு கட்டம் வரைவோம், அதுவே பக்கத்திலும் மேலும் கீழும் திரும்பத் திரும்ப வரும். ரிப்பீட் என்போம். கட்டத்தின் ஓரங்கள் ஒன்றோடொன்று சேரவில்லை என்றால் துணி நெடுக ஒரு கோடு தெரியும், பார்ட்டி சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார். கலைடாஸ்கோப்பிலும் இதே கணக்குத்தான். இரண்டு கண்ணாடிகளை 60 டிகிரியில் வைத்தால், நடுவில் இருக்கும் அசல் துண்டும் அதன் ஐந்து பிம்பங்களும் சேர்ந்து ஆறு பகுதிகளாக வட்டம் நிரம்பும். 45 டிகிரி என்றால் எட்டு, 30 என்றால் பன்னிரண்டு. 360ஐ அந்தக் கோணத்தால் வகுத்தால் மிச்சமில்லாமல் இரட்டைப்படை எண் வர வேண்டும். 50 டிகிரியில் வைத்துப் பாருங்கள், ஓரிடத்தில் பிம்பங்கள் முட்டிக்கொண்டு பூ உடைந்து தெரியும்.

மூன்று கண்ணாடிகளைச் சம பக்க முக்கோணமாக நிறுத்தினால் நடப்பது வேறு. ஒரு பூவோடு நிற்காமல், கண்ணாடிக்குள் கண்ணாடியாகப் பிரதிபலித்து, கண்ணுக்கு எட்டும் வரை டிசைன் பரவும். அதுதான் ரிப்பீட். ஒவ்வொரு பிரதிபலிப்பிலும் கொஞ்சம் ஒளி குறைவதால் தூரப் போகப் போக மங்கும், அவ்வளவே. புரூஸ்டரே 1819இல் எழுதிய நூலில், கம்பளம் நெய்பவர்களுக்கும் அலங்கார வேலை செய்பவர்களுக்கும் இது பயன்படும் என்று சொல்லியிருக்கிறார். இதை வெறும் பொம்மையாக நினைத்து அவர் செய்யவில்லை என்பதில் எனக்கு அத்தனை சந்தோஷம். டிசைன் படிக்க வரும் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால் இதைத்தான் கையில் கொடுக்க வேண்டும் என்பேன்.

குழலெல்லாம் வேண்டாம் என்றால் இன்னும் எளிது. கண்ணாடிக் கடையில் வெட்டி மிஞ்சிய துண்டுகளில் ஒரே அளவாக இரண்டு கேளுங்கள், விளிம்பை உப்புத் தாளால் தேய்த்துத் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் கையைக் கிழித்துவிடும். பின்பக்கம் டேப் ஒட்டிப் புத்தகம் போல விரியும்படி செய்து, ஏதாவது பூப்போட்ட சேலை மேல் நிமிர்த்தி வையுங்கள். அப்புறம் மெதுவாக விரித்து மூடிக்கொண்டே இருந்தால், எந்தக் கோணத்தில் பூ சேர்கிறது, எதில் பிளக்கிறது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். சாதாரணக் கண்ணாடியில் பூச்சு பின்பக்கம் இருப்பதால் சேருமிடத்தில் லேசாக இரட்டை விளிம்பு தெரியும். விலை உயர்ந்த கலைடாஸ்கோப்புகளில் முன்பக்கம் பூசிய கண்ணாடி போடுவார்கள், அதில் சேருமிடமே தெரியாது.