பழைய டிபி மாத்திரையையே மறுபடி தொடங்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 28 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. இரண்டு வருடம் முன்பு டிபி வந்தது. ஆறு மாத மாத்திரையில் மூன்று மாதம் சாப்பிட்டான், உடம்பு தேறியதும் நிறுத்திவிட்டான். இப்போது ஒரு மாதமாக இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், ஆளும் இளைத்துவிட்டான். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரையில் கொஞ்சம் குறைந்து மறுபடி வந்துவிட்டது. பழைய டிபி மாத்திரையையே தொடங்கலாமா? வீட்டில் சர்க்கரை நோய் உள்ள அம்மாவும், என் மூன்று வயதுக் குழந்தையும் இருக்கிறார்கள்.

பதில்: வேண்டாம், சகோதரி. ஒரு மாத்திரைகூட வேண்டாம். முதலில் சளியைக் கொடுக்கட்டும், அப்புறம்தான் மாத்திரை.

நுரையீரலில் கோடிக்கணக்கில் இருக்கும் டிபி கிருமிகளில், ஏதோ ஒரு மருந்துக்கு அடங்காதவை சில இயல்பாகவே இருக்கும். நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதே அவையும் தப்பக் கூடாது என்பதற்காகத்தான். பாதியில் நிறுத்தினால், தப்பிய கிருமிகள் பெருகும். இந்தியாவில் 2014 முதல் 2016 வரை நடந்த தேசிய ஆய்வில், ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின் என்ற இரண்டு முக்கிய மருந்துகளுக்கும் அடங்காத டிபி, புதிதாக நோய் வந்தவர்களில் 100க்கு சுமார் 3 பேருக்கு இருந்தது. முன்பே மருந்து சாப்பிட்டவர்களில் 100க்கு 11, 12 பேருக்கு இருந்தது. உங்கள் தம்பி இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவர். பெரும்பாலும் அவருக்கு அது இருக்காது என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனால் பார்க்காமல் சொல்ல முடியாது. எக்ஸ்ரேயில் தெரியாது. மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சாதாரண சளிப் பரிசோதனையிலும் தெரியாது, கிருமி இருக்கிறதா என்பதை மட்டும்தான் அது சொல்லும்.

இப்படித்தான் ஒருவர் நான்கு மாதம் பழைய மாத்திரையையே சாப்பிட்டுவிட்டு என்னிடம் வந்தார். அவருடைய கிருமி ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது. அந்த நான்கு மாதத்தில் அவர் மனைவிக்கும் தொற்றிவிட்டது. முதல் நாளே பரிசோதித்திருந்தால் என்று இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

அரசு மருத்துவமனையில் போய் சீபிநாட் அல்லது ட்ரூநாட் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். காசு கிடையாது. கிருமியின் மரபணுவையே பார்க்கும் பரிசோதனை இது. சளியில் டிபி இருக்கிறதா, அது ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்பது இதில் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு வாரக்கணக்கில் ஆகும். “முன்பே டிபி மருந்து சாப்பிட்டு நிறுத்தியவன்” என்பதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அதற்காக அவரை யாரும் திட்ட வேண்டியதில்லை, திட்டினால் உண்மை வெளியே வராது.

ரிஃபாம்பிசின் வேலை செய்யும் என்று வந்தாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். ஐசோநியாசிட்டுக்கு மட்டும் அடங்காத டிபியும் உண்டு, இந்த மெஷின்கள் வழக்கமாக அதைக் காட்டுவதில்லை. ஐசோநியாசிட்டுக்கும் கிருமி அடங்குமா என்று பார்ப்பது எல்பிஏ என்ற பரிசோதனை. சளியை அதற்கும் அனுப்பினார்களா என்று கேட்டு, அந்த முடிவையும் வாங்குங்கள்.

சளி கொடுப்பதிலும் கவனம் வேண்டும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு, மொட்டை மாடி மாதிரி திறந்த இடத்தில் தனியாக நின்று, நன்றாக மூச்சை இழுத்து, நெஞ்சின் ஆழத்திலிருந்து இருமி எடுக்க வேண்டும்.

மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். லீவோஃப்ளாக்ஸசின் போன்ற மருந்தாக இருந்தால், அது டிபியைக் கொஞ்ச நாள் அமுக்கி வைத்துவிடும். மருந்துக்கு அடங்காத டிபிக்குக் கொடுக்கும் மருந்துகளில் அந்த வகையும் ஒன்று. அதை இப்படி அரைகுறையாகச் சாப்பிட்டால் நாளைக்கு அதுவும் கேட்காமல் போகலாம்.

ஒருவேளை மருந்துக்கு அடங்காத டிபி என்றே வந்தாலும் இடிந்து போகாதீர்கள். முன்பெல்லாம் ஒன்றரை வருடத்துக்கு மேல் சிகிச்சை, மாதக்கணக்கில் ஊசி, அந்த ஊசியால் சிலருக்குக் காதே கேட்காமல் போனது. இப்போது பெடாகுவிலின் சேர்ந்த மாத்திரைகள் வந்திருக்கின்றன. பொருத்தமானவர்களுக்கு ஊசியே இல்லாமல் ஆறு மாதத்தில் முடிகிறது. அரசுத் திட்டத்தில் மருந்து இலவசம், சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாயும் உண்டு. சந்தேகம் இருந்தால் 1800 11 6666 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

முடிவு வரும்வரை தம்பி தனி அறையில், ஜன்னலைத் திறந்து வைத்துப் படுக்கட்டும், மாஸ்க் போடட்டும். தட்டு, டம்ளரைப் பிரித்து வைக்க வேண்டாம், இந்த நோய் காற்றில்தான் பரவும். டிபி என்று உறுதியானால், இருமல் இல்லாவிட்டாலும் அம்மாவுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுங்கள், சர்க்கரையையும் பாருங்கள். குழந்தையைக் குழந்தை மருத்துவரிடம் காட்டும்போது தம்பியின் ரிசல்ட்டைக் கட்டாயம் கையில் வைத்திருங்கள். குழந்தைகளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் தடுப்பு மாத்திரை, மருந்துக்கு அடங்காத கிருமியிடம் பலிக்காது. எதைக் கொடுப்பது என்பதை அந்தத் தாளைப் பார்த்துத்தான் அவர் முடிவு செய்வார்.