படலம் வேஃபரில் இருந்தால் எக்ஸ் கதிர் லேசர் உதவாது

கேள்வி: கடோலினியம்–இரும்பு–கோபால்ட் கலவையை 20 நானோமீட்டர் படலமாகச் சிலிக்கான் வேஃபரில் படியவைத்திருக்கிறேன். லேசர் அடித்ததும் காந்தத்தன்மை சரிவது கெர் அளவீட்டில் (காந்தப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் துருவத் திசை மாறுவதை அளப்பது) தெரிகிறது. எந்தத் தனிமம் முதலில் சரிகிறது என்று எக்ஸ் கதிர் லேசரில் பார்க்க என்ன தயார் செய்ய வேண்டும்?

பதில்: கெர் அளவீட்டில் தெரிவது பெரும்பாலும் இரும்பும் கோபால்ட்டும்தான். வட்டத் துருவ எக்ஸ் கதிரை (மின்புலம் சுழன்றபடி வரும் கதிர்; இது உட்கவரப்படும் அளவு காந்தத்தின் திசையைப் பொறுத்து மாறும்) 707 எலக்ட்ரான் வோல்ட்டில் வைத்தால் இரும்பு, 1185 பக்கம் வைத்தால் கடோலினியம் எனத் தனித்தனியே பிடிக்கலாம். 2011இல் பெர்லினில் உள்ள பெஸ்ஸி 2 என்ற எலக்ட்ரான் சேமிப்பு வளையத்தில் கிடைக்கும் எக்ஸ் கதிரில் இதே கலவையை இப்படித்தான் அளந்தார்கள்: இரும்பின் காந்தமாக்கம் சுமார் 300 ஃபெம்டோ வினாடியில் பூஜ்ஜியத்தைத் தாண்டியது, கடோலினியத்துக்கு ஒன்றரை பிகோ வினாடி ஆனது.

ஆனால் உங்கள் வேஃபர் இதற்கு ஆகாது. இந்த மென் எக்ஸ் கதிரில் ஒரு துளிகூட அரை மில்லிமீட்டர் சிலிக்கானைத் தாண்டி வராது. படலத்தை 100 அல்லது 200 நானோமீட்டர் சிலிக்கான் நைட்ரைடு சவ்வில் படியவையுங்கள். 20 நானோமீட்டர் தடிமன் சரியானதே; கூட்டினால் உச்ச உட்கவர்ச்சியில் ஒளி இருண்டுவிடும். துருப்பிடிக்காமல் இருக்க மேலே மெல்லிய மூடுபடலமும் வேண்டும்.

சவ்வால் வருகிற தொல்லை, சூடு. வெற்றிடத்தில் தொங்கும் சவ்விலிருந்து வெப்பம் பக்கவாட்டில் மட்டுமே வடியும். ஐரோப்பிய எக்ஸ் கதிர் லேசரில் துடிப்புகள் தொடர் தொடராக வரும்; ஒரு தொடருக்குள் அவை 0.22 மைக்ரோ வினாடி இடைவெளியில்கூட வரலாம். அதற்குள் படலம் ஆறாது. சவ்வின் பின்புறம் 100 நானோமீட்டருக்கு மேல் அலுமினியம் பூசுங்கள், துடிப்பு இடைவெளியையும் கூட்டச் சொல்லுங்கள். போதுமா என்று சோதிக்க, எக்ஸ் கதிர்த் துடிப்பு, சூடாக்கும் லேசர் துடிப்புக்கு முந்தி வரும்படி தாமதத்தை வைத்து, அந்த லேசரைப் போட்டும் போடாமலும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் பழைய சூடு மிச்சமிருக்கிறது.

படலத்தில் சூடாக்கும் லேசர் விழும் புள்ளி எக்ஸ் கதிர்ப் புள்ளியைப் போல் மூன்று மடங்காவது அகலமாக இருக்கட்டும். இல்லையென்றால் லேசர் படாத ஓரமும் அளவில் கலந்து, சரிவு குறைவாகத் தெரியும்.

துடிப்புக்குத் துடிப்பு எக்ஸ் கதிர் ஒளியின் அளவு தாறுமாறாக மாறும். ஆகவே படலத்துக்கு முன்னால் ஒளியில் ஒரு பங்கை அளந்து, ஒவ்வொரு துடிப்பையும் அதனதன் அளவால் வகுக்க வேண்டும். எல்லாவற்றையும் சராசரியாக்கிவிட்டு வகுத்தால் சிறிய காந்த வேறுபாடு இரைச்சலில் தொலைந்துவிடும். காந்தப்புலத்தையும் அடிக்கடி திருப்பிப் போட்டு அளக்க வேண்டும். ஒரு திசையை முழுக்க முடித்துவிட்டு மறுதிசைக்குப் போனால் இடையில் கருவி நகர்ந்ததும் காந்த வேறுபாடுபோலத் தெரியும்.

உங்கள் கலவையின் ஈடுசெய் வெப்பநிலை (கடோலினியத்தின் காந்தமாக்கமும் இரும்பு–கோபால்ட்டின் எதிர்த்திசைக் காந்தமாக்கமும் ஒன்றையொன்று ரத்துசெய்யும் வெப்பநிலை) அறை வெப்பநிலைக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த வெப்பநிலைக்கு அருகில் படலத்தின் காந்தத்தைத் திருப்ப வேண்டிய புலம் எகிறிவிடும். எக்ஸ் கதிர் லேசர் நிலையத்தில் உள்ள காந்தத்தால் திருப்பவே முடியாமல் போகலாம். இதைக் கெர் அமைப்பிலேயே, வெப்பநிலையை மாற்றி ஹிஸ்டெரிசிஸ் வளைவு (புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தமாக்கம் மாறும் வரைபடம்) எடுத்து ஒரே நாளில் பார்த்துவிடலாம்.