கார் எப்போ சூடாகுது? கேள்வி பதில்

சின்ன காருக்கு இன்ஜினும் சின்னது, ரேடியேட்டரும் சின்னது. இன்ஜினோட மேல் பாகமான ஹெட் அலுமினியம். ஒரு தடவை நல்லா கொதிச்சாலே ஹெட் வளைஞ்சிடும். அதனால "ஹீட் ஆகுது"ன்னு மட்டும் எழுதாம, எப்போ ஆகுதுன்னு எழுதுங்க. பாதி விடை அதுலயே இருக்கு.

சார், பழைய மாருதி 800. சிக்னல்ல நின்னா டெம்பரேச்சர் முள் ஏறுது, ஓட ஆரம்பிச்சா இறங்கிடுது. ரேடியேட்டர் மாத்தணும்கிறாங்க.

மாத்தாதீங்க. ஓடும்போது எதிர்காத்து குளிர வைக்குது. நிக்கும்போது அந்த வேலை ஃபேனோடது. ஏசி போடாம, வண்டியை நிறுத்தி இன்ஜினை மட்டும் ஐடில்ல ஓட விடுங்க. முள் பாதியைத் தாண்டியும் ஃபேன் சுத்தலைன்னா முதல்ல ஃப்யூஸ், அடுத்து ஃபேனுக்குக் கரண்ட் விடுற ரிலே, இதைப் பாருங்க. ரெண்டும் நல்லா இருந்தா இன்ஜினை அணைச்சிட்டு, ஃபேன் கனெக்டரைக் கழட்டி பேட்டரியிலிருந்து நேரா கரண்ட் குடுங்க. சுத்தினா மோட்டார்ல பழுதில்ல, சூடு ஏறினதும் ஃபேனைப் போட்டு விடுற தெர்மோ சுவிட்சையும் அதோட வயரையும் பாருங்க. ஏசிக்குன்னு தனி ஃபேன் இருக்கிற வண்டியில, அது சுத்துறதைப் பார்த்து ஏமாந்துடாதீங்க.

எனக்கு நேர் எதிர், அண்ணா. ஊருக்குள்ள பிரச்சினையே இல்ல. பைபாஸ்ல 80க்கு மேல போனாதான் ஏறுது.

அப்போ ஃபேனை விட்டுடுங்க தம்பி. தண்ணி சரியா சுத்தல, இல்லைன்னா ரேடியேட்டர் அடைச்சிருக்கு. போர் தண்ணி ஊத்தி ஓட்டின வண்டியா? அந்த உப்பு உள்ளே படிஞ்சு குழாயை அடைக்கும். வெளியே, ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல தூசியும் பூச்சியும் சேரும். முன்னாடி நின்னு பார்த்தா தெரியாது. சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணியைத் திறந்து விடுற வால்வு, அதாவது தெர்மோஸ்டாட், முழுசா திறக்காம இருந்தாலும் இப்படித்தான். கழட்டி ஒரு பாத்திரத்துல தண்ணியோட அடுப்புல வைங்க. பெரும்பாலானது 82 டிகிரி பக்கத்துல திறக்க ஆரம்பிக்கும். கொதிச்ச பிறகும் முழுசா திறக்கலைன்னா மாத்திடுங்க.

மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை எடுத்துட்டே ஓட்டச் சொன்னார். சரியா?

தப்பு. இன்ஜின் சூடேற ரொம்ப நேரம் ஆகும், அதுவரைக்கும் இன்ஜெக்ஷன் வண்டி பெட்ரோலைக் கூடுதலா குடிக்கும், மைலேஜ் விழும். பழுதான பாகம் சின்னது, விலையும் குறைவு. புதுசு போடச் சொல்லுங்க.

கூலண்ட் குறைஞ்சுக்கிட்டே இருக்கு. கீழே ஒரு சொட்டு கூட இல்ல. ஹெட்டுக்குக் கீழே இருக்கிற சீல், அந்த கேஸ்கெட் போயிடுச்சோன்னு பயமா இருக்கு.

பயப்படுறதுக்கு முன்னாடி ரேடியேட்டர் மூடியைப் பாருங்க. அது வெறும் மூடி இல்ல. உள்ளே 0.9 பார் அழுத்தம் நின்னா, வெறும் தண்ணியே 118 டிகிரி வாக்கிலதான் கொதிக்கும். ரப்பர் வெடிச்சிருந்தா அழுத்தம் நிக்காது. ஓடும்போது ஆவியா போயிடும். வண்டி ஆறினதும் மேல் ஹோஸ் சப்பிப் போயிருந்தா ஆறும்போது தண்ணியைத் திரும்ப உள்ளே விடுற, மூடியோட ரெண்டாவது வால்வு வேலை செய்யல. அடுத்து வாட்டர் பம்ப்புக்குக் கீழே காஞ்ச கறை இருக்கான்னு பாருங்க. முன் சீட்டு மேட் ஈரமா, இனிப்பு வாசனையோட இருந்தா, ஹீட்டருக்குள்ள இருக்கிற சின்ன ரேடியேட்டர், அதாவது ஹீட்டர் கோர் ஒழுகுது.

இதெல்லாம் நல்லா இருந்தாதான் கேஸ்கெட் பேச்சு. காலையில ஆறின வண்டியில மூடியைத் திறந்து ஸ்டார்ட் பண்ணுங்க. ரேடியேட்டர்ல விடாம குமிழி வருதா? மூடி போட்டு ஸ்டார்ட் பண்ணின ஒரு நிமிஷத்துலயே ஹோஸ் கல்லு மாதிரி இறுகுதா? அளவு பார்க்கிற கம்பியில (டிப்ஸ்டிக்) இன்ஜின் எண்ணெய் வெளுத்திருக்கா? சந்தேகம் வந்தா நல்ல ஒர்க்‌ஷாப்புல நீல திரவம் வச்சு சோதிக்கச் சொல்லுங்க. பெட்ரோல் இன்ஜின்ல எரிஞ்ச வாயு கலந்தா அது மஞ்சளாகும். அந்தச் சோதனை இல்லாம ஹெட்டை இறக்க விடாதீங்க.

பச்சை கூலண்ட்ல சிவப்பு கலக்கலாமா?

வேண்டாம். நிறத்தை நம்பாதீங்க, மேனுவல்ல சொன்ன வகையைப் பாருங்க.

கொல்லிமலை ஏறும்போது முள் சிவப்புக்குப் போச்சுன்னா என்ன பண்றது?

70 கொண்டை ஊசி வளைவு, ரெண்டாவது கியர், ஆள் நிறைய. நல்ல வண்டியும் திணறும். முள் ஏற ஆரம்பிச்சதுமே ஏசியை அணைச்சு, ஹீட்டரை முழு சூட்டுல வச்சு ப்ளோயரைப் போடுங்க. வேர்க்கும், ஆனா இன்ஜின் சூடு கொஞ்சம் வெளியே போகும். ஓரமா நிறுத்துங்க. ஆவி வரல, ஃபேன் சுத்துதுன்னா ஐடில்ல விடலாம். ஆவி வந்தா, சிவப்புல நின்னா உடனே அணைச்சிடுங்க. சூட்டோட மூடியைத் திறந்தா முகம் வெந்துடும். இன்ஜின் மேல பச்சைத் தண்ணி ஊத்தவே கூடாது. அரை மணி நேரமாவது ஆற விட்டு, ஹோஸைத் தொட்டுப் பார்த்து, தளர்ந்த பிறகு துணி போட்டு மெதுவா திறங்க.

கூலண்ட் மொத்தமும் வெளியே போயிட்டா சென்சார் காத்துல நிக்கும், முள் கீழே இறங்கி நார்மல் காட்டலாம். ஏறின முள் சட்டுனு விழுந்தா வண்டி சரியாயிடுச்சுன்னு ஓட்டாதீங்க, உடனே நிறுத்துங்க.