அடுத்த தலைமுறை கேம் கன்சோல்களுக்கு எவ்வளவு சக்தி இருந்தால் போதும்?

டெராஃப்ளாப் (விநாடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்கு என்ற அளவு) எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். பிளேஸ்டேஷன் 5-இன் 10.28 டெராஃப்ளாப் எப்படி வருகிறது? கிராஃபிக்ஸ் சிப்பில் 36 கம்ப்யூட் யூனிட் (கணக்குப் பிரிவு), ஒவ்வொன்றிலும் 64 ஷேடர் (சிறு கணக்குக் கருவி), சுற்றுக்கு 2 கணக்கு, 2.23 கிகாஹெர்ட்ஸ் (விநாடிக்கு 223 கோடி சுற்று). நான்கையும் பெருக்கினால் அவ்வளவுதான். புதிய சிப்களில் ஒரே சுற்றில் இரட்டைக் கணக்கு போடும் வசதி இருக்கிறது. அதைச் சேர்த்துக்கொண்டால் விளம்பரத்தில் எண் இரண்டு மடங்காகிவிடும். விளையாட்டின் வேகம் ஆகாது.

பார்க்க வேண்டிய எண் 16.7 மில்லி விநாடி. விநாடிக்கு 60 ஃப்ரேம் (திரையில் வரும் படம்) வர வேண்டுமென்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் நேரம் அதுதான். கூட்டம் நிறைந்த ஒரு நகரக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு பேர் நடக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் வழி தேட வேண்டும், மோதலைக் கணக்கிட வேண்டும், உடல் அசைவைப் புதுப்பிக்க வேண்டும். இதெல்லாம் சிபியு (பொதுக் கணக்குகளைச் செய்யும் மையச் செயலி) வேலை. படம் வரையும் ஜிபியு 12 மில்லி விநாடியில் தன் வேலையை முடித்துவிட்டாலும், சிபியு 22 எடுத்துக்கொண்டால் 45 ஃப்ரேம்தான் கிடைக்கும். ரெசல்யூஷனை (பிக்சல் எண்ணிக்கையை) எவ்வளவு குறைத்தாலும் அந்த 22 குறையாது. படத் தரத்தைக் குறைத்து வேகம் கூட்டும் பெர்ஃபார்மன்ஸ் மோடுக்கு மாற்றிய பிறகும் ஊருக்குள் நுழைந்ததும் திணறுகிறதென்றால், சிக்கல் சிபியுவில்தான். 2024 மார்ச்சில் வந்த 'டிராகன்ஸ் டாக்மா 2' கேம் இதற்கு நல்ல சாட்சி.

பிளேஸ்டேஷன் 5 ப்ரோ இந்த இடத்தில்தான் கோட்டைவிட்டது. ஜிபியு 16.7 டெராஃப்ளாப்புக்கு ஏறியது; சிபியு அதே 8 கோர் ஸென் 2 (ஏஎம்டியின் பழைய சிபியு வடிவமைப்பு). அந்த சிபியுவில் எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம்) மொத்தம் 8 எம்பிதான். அதே தலைமுறை டெஸ்க்டாப் ரைசன் 3700எக்ஸில் 32 எம்பி இருந்தது. கேஷ் சிறிதாக இருந்தால் தரவுக்காக அடிக்கடி மெமரி வரை போய்வர வேண்டும். கன்சோலில் உள்ள ஜிடிடிஆர் (கிராஃபிக்ஸுக்கான) மெமரியில் அந்தக் காத்திருப்பும் நீளம். ஆகவே அடுத்த கன்சோலில் நான் முதலில் கேட்பது 8 நல்ல புதிய கோர், 32 எம்பிக்குக் குறையாத எல்3. கோர் எண்ணிக்கையை 16 ஆக்குவதைவிட இது அதிகம் உதவும்.

மெமரி 24 ஜிபி வேண்டும். 256 பிட் பஸ்ஸில் (தரவுப் பாதையில்) 8 சிப்; இன்று 2 ஜிபி வீதம் 16, ஜிடிடிஆர்7-இல் 3 ஜிபி சிப் போட்டால் 24. ஒரு பிட் பாதைக்கு 28 கிகாபிட் வேகத்திலேயே விநாடிக்கு 896 ஜிபி கிடைக்கும், பிளேஸ்டேஷன் 5-இன் 448-க்குச் சரியாக இரண்டு மடங்கு. மெமரியில் கஞ்சத்தனம் செய்தால் என்ன ஆகும் என்பதை 10 ஜிபி எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் காட்டிவிட்டது: 'பால்டர்ஸ் கேட் 3' அதில் திரையைப் பிரித்து இருவர் ஆடும் வசதி இல்லாமலேதான் வெளிவந்தது.

ஜிபியு? இப்போதைய பிளேஸ்டேஷன் 5-ஐப் போல நிஜத்தில் இரண்டரை, மூன்று மடங்கு போதும். 4கே திரையில் 83 லட்சம் பிக்சல். 1440பி-யில் 37 லட்சம். பாதிக்கும் குறைவாக வரைந்து மீதியை ஏஐ அப்ஸ்கேலிங்கிடம் (சிறிய படத்தைப் பெரிதாக்கும் நுட்பம்) விட்டால், சோபாவில் உட்கார்ந்து பார்ப்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. மிச்சமாகும் நேரம் ஒளி, நிழலைக் கணக்கிடும் ரே டிரேசிங்குக்குப் போகட்டும். ஆனால் அப்ஸ்கேலிங்கே ஒரு ஃப்ரேமில் 2 மில்லி விநாடியைத் தின்றால் 60-இல் தாங்கலாம், 120-இல் தாங்காது. அங்கே மொத்தமே 8.3தான். அப்ஸ்கேலிங்கின் ஏஐ கணக்குகளுக்கென்று தனி மேட்ரிக்ஸ் யூனிட்டுகள் கட்டாயம் வேண்டும். 8கே வேண்டவே வேண்டாம், 3.3 கோடி பிக்சல் வீண் செலவு.

கேம்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டியின் வேகம் இப்போதுள்ள விநாடிக்கு 5.5 ஜிபியே தாராளம், கொள்ளளவுதான் போதவில்லை. 825 ஜிபி என்று விற்ற முதல் பிளேஸ்டேஷன் 5-இல் கைக்குக் கிடைத்தது 667. 100 ஜிபி கேம் ஆறு போட்டால் நிரம்பிவிடும். 2 டிபி கொடுங்கள்.

இவை எல்லாம் சேர்ந்து 220 வாட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்க் பெரிதாகும், ஃபேன் இரையும், விலை ஏறும். முதல் பிளேஸ்டேஷன் 5 அதைவிடச் சற்றுக் குறைந்த வாட்டுக்கே நாலரை கிலோ இருந்தது.