அல்ட்ராசோனிக் கத்தி: இந்த மாதக் கேள்வி-பதில்

(விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிரும் கத்தி வெட்டுவதைக் கணினி மாடலில் கணக்கிடுகிறவர்களுக்கு.)

கே: கேக் வெட்டும் கத்திக்கு சப்ளையர் 40 மைக்ரான் வீச்சு என்கிறார். அப்படியே மாடலில் போடலாமா? (அம்பத்தூர்)

ப: அது பீக்-டு-பீக்கா (ஒரு உச்சத்திலிருந்து எதிர் உச்சம் வரை அளந்ததா) என்று முதலில் அவரிடம் கேளுங்கள். ஆமென்றால், சைன் அலைக்கு முன்னால் போட வேண்டியது 20.

கே: பாய்சான் விகிதம் (அழுத்தினால் பொருள் பக்கவாட்டில் எவ்வளவு விரிகிறது என்ற அளவு) 0.5 கொடுத்தால் மாடல் ஓட மாட்டேன் என்கிறது. (கிண்டி)

ப: ஓடாதுதான். எக்ஸ்பிளிசிட்டில் (சின்னச் சின்னக் கால அடிகளாக முன்னேறும் கணக்கு முறையில்) 0.49 போதும்.

கே: பன்னீர் மாடலில் எரர் வருகிறது. ஏன் சார்?

ப: என்ன எரர், என்ன மெஷ், என்ன மெட்டீரியல் மாடல், எதுவுமே எழுதாமல் கேட்டால் எப்படி? நான் ஜோசியம் பார்ப்பதில்லை.

கே: 20 கிலோஹெர்ட்ஸ், 20 மைக்ரான் அதிர்வைக் கொடுத்தும் மாடலில் வெட்டு விசை சோதனையை விட அதிகமாக வந்தது. உராய்வுக் குணகத்தை 0.4-லிருந்து 0.1 ஆக்கினேன், அச்சாகப் பொருந்திவிட்டது. சரிதானே? (ஆய்வு மாணவர், தரமணி)

ப: சரியில்லை. மாதம் ஒருவராவது இதைச் செய்துவிட்டுப் பெருமையாக எழுதுகிறார். 20 கிலோஹெர்ட்ஸ், 20 மைக்ரான் என்றால் கத்தியின் உச்ச வேகம் சுமார் 2.5 மீட்டர்/விநாடி. நீங்கள் கத்தியை இறக்குவது 50 மில்லிமீட்டர்/விநாடியில். அதாவது ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய பாதி நேரம் கத்தி பின்னோக்கிப் போகிறது, உராய்வும் திசை மாறுகிறது. வெட்டும் திசையிலேயே அதிர்வைக் கொடுத்திருந்தால், கூலும் உராய்வின் (வேகம் மாறினாலும் அளவு மாறாமல், திசை மட்டும் மாறும் உராய்வின்) சராசரி தானாகவே நூற்றில் ஒன்றிரண்டு பங்காகச் சுருங்கிவிடும். அதற்கு மேல் குணகத்தையும் குறைப்பது ஒரே பில்லுக்கு இரண்டு முறை தள்ளுபடி கேட்பது. அப்புறம், மிச்சமிருந்த விசை எங்கிருந்து வந்தது? 1 மில்லிமீட்டர்/விநாடியில் அழுத்திப் பார்த்த மாடுலஸை (விறைப்பு அளவை) 20 கிலோஹெர்ட்ஸுக்குப் போட்டீர்களா? கோதுமை அல்வா மாதிரி ஒட்டுகிற பண்டமா? அதில் பாகுநிலை இழுவை (பிசுபிசுப்பால் வரும் தடை) வேகத்துக்கு நேர்விகிதமாக இருந்தால், எவ்வளவு ஆட்டினாலும் சராசரி இறங்காது. அதைத் தேடுங்கள், குணகத்தைத் திருகாதீர்கள். உங்கள் 20 மைக்ரானும் பீக்-டு-பீக்கா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கே: 50 மில்லிமீட்டர் ஆழம் வெட்ட ரன் நாள்கணக்கில் ஓடுகிறது. மாஸ் ஸ்கேலிங் (ரன் சீக்கிரம் முடிய மாடலில் அடர்த்தியைச் செயற்கையாகக் கூட்டுவது) போடலாமா?

ப: கூடாது. அடர்த்தியை நூறு மடங்கு ஆக்கினால் 20 கிலோஹெர்ட்ஸில் நிலைம விசையும் நூறு மடங்கு ஆகிவிடும், பிறகு நீங்கள் அளப்பது வெட்டு விசையே இல்லை. உங்கள் இறக்க வேகமும் 50 மில்லிமீட்டர்/விநாடி என்றால், முழு வெட்டு 20,000 சுற்றுகள். ஒரு மில்லிமீட்டர் வெட்ட 400 சுற்றுகள்தான். விசை நிலைப்பட்டதும் நிறுத்திவிடுங்கள்.

கே: கத்தியை ரிஜிட் (சற்றும் வளையாதது) ஆக வைக்கலாமா?

ப: வெட்டுவது மென்மையான பொருள், கத்தியும் ஒடுங்கியது என்றால், வைக்கலாம். அகலக் கத்தியில் வீச்சு விளிம்பு முழுக்க ஒரே அளவில் இராது. முதலில் மோடல் அனாலிசிஸ் (கத்தி இயல்பாக எப்படி அதிர்கிறது என்ற கணக்கு) செய்து, அந்த வீச்சைப் புள்ளிக்குப் புள்ளி கொடுங்கள்.

கே: இதே மாடல் அறுவை சிகிச்சைக் கத்திக்கும் பொருந்துமா? (போரூர்)

ப: பொருந்தாது. 55 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஓடும் அந்தக் கருவிகளில் பாதி வேலை சூட்டுடையது. புரதம் உறைந்து ரத்தக் குழாய் அடைபடுகிறது. வெப்பத்தையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும்.