ஆஸ்பத்திரியில் நடந்த பிழைக்கு எவ்வளவு காலத்துக்குள் வழக்குப் போட வேண்டும்?

கேட்டிருப்பவர் அக்கரைப்பற்று. அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் வாப்பாவுக்கு ஆபரேஷன் நடந்து 14 மாதம் ஆகிறது, அதற்குப் பிறகு ஒரு கால் வழங்கவில்லை. அமைச்சுக்கு முறைப்பாடு கொடுத்து விசாரணை நடக்கிறது. "அது முடியட்டும், பிறகு வழக்கைப் பார்ப்போம்" என்கிறார்கள் வீட்டார். இதற்குக் காலக்கெடு ஏதும் உண்டா என்பது கேள்வி.

உண்டு. இலங்கையில் 2 வருஷம். அமைச்சு விசாரணை நடக்கிறது என்பதற்காக அந்த 2 வருஷம் நின்று கொடுக்காது. நான் சட்டத்தரணி இல்லை. மட்டக்களப்பில் இதே கணக்கைப் பிழையாகப் போட்டு, அம்மாவுடைய வழக்கைக் கைநழுவ விட்டவன்.

2017 ஜூனில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்தது. பிளாஸ்டர் போட்டு வாட்டில் வைத்தார்கள். அன்று இரவே விரல்கள் வீங்கி நீலம் பாய்ந்துவிட்டன. "மிஸ், விரலெல்லாம் விறைச்சுப் போகுது, தாங்க ஏலாம கிடக்கு" என்று அம்மா சொன்னதற்கு, "எலும்பு முறிஞ்சா நோகாம என்னம்மா செய்யும், படுங்க" என்று பதில் வந்தது. பிளாஸ்டரை வெட்டியது மறுநாள் பின்னேரம். இறுக்கத்தால் தசைக்கு இரத்தம் போகாமல் சில மணித்தியாலம் கடந்தாலே திருத்த முடியாத சேதம் வரும் என்று பிறகு கண்டியில் பார்த்த டொக்டர் சொன்னார். நாலு விரலும் உள்ளே சுருண்டது சுருண்டதுதான். இரண்டு கடைக்கு இடியப்பம் கொடுத்து எங்களை வளர்த்தவ. இப்போது உரலை மடியில் இடுக்கிக்கொண்டு, இடக்கையால் பிழிய முடியுமா என்று எப்போதாவது பார்ப்பா. நாலு இடியப்பத்தோடு வைத்துவிடுவா.

நாங்களும் பணிப்பாளருக்குக் கடிதம், அமைச்சுக்குப் பதிவுத் தபால் என்று எல்லாம் செய்தோம். இரண்டு தரம் கூப்பிட்டு விசாரித்தார்கள். "விசாரணை நடைபெறுகின்றது" என்று ஒரு கடிதமும் வந்தது. அதை நம்பி இருந்தோம். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு ஊரே நடுங்கிப்போய்க் கிடந்த நேரத்தில் வழக்கு யாருக்கு ஞாபகம்? சட்டத்தரணியிடம் போனபோது ஆகஸ்ட்.

அவர் டயக்னோசிஸ் கார்ட்டை (ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது தருகிற அட்டை) ஒருக்காப் பார்த்துவிட்டு, "பிரிஸ்கிரிப்ஷன் ஆகிட்டே தம்பி" என்றார். அம்மா உடனே பேக்கைத் திறந்து மருந்துத் துண்டை எடுத்து நீட்டினா. அவரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு, வழக்குப் போடும் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

நம் பக்கத்தில் காணிப் பிரச்சினை இல்லாத குடும்பம் குறைவு, அதனால் "பத்து வருஷ ஆட்சி", அதாவது பத்து வருஷம் காணியை ஆண்டால் உரிமை கேட்கலாம் என்பது, எல்லாருக்கும் தெரியும். அந்தப் பத்து வருஷம் இருக்கிற அதே 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில்தான் இந்த 2 வருஷமும் இருக்கிறது, 9ஆம் பிரிவில். இழப்பு, காயம், சேதம் எதற்கும் வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் வழக்குத் தாக்கலாகியிருக்க வேண்டும். அந்த நாள் எது என்று வாதாடப் பார்க்கலாம்தான். ஆனால் வாதத்தை நம்பித் தாமதிப்பது புத்தியில்லை. ஆபரேஷன் நடந்த நாளிலிருந்தே எண்ணுங்கள். பாதிக்கப்பட்டவர் சிறுபிள்ளையாக இருந்தால், அல்லது சித்தசுவாதீனம் இல்லாதவராக இருந்தால் அந்த நிலை நீங்கும்வரை காலம் ஓடாது. உங்கள் வாப்பாவுக்கு அது பொருந்தாது.

இன்னொரு விஷயம், இதைப் பலர் கடைசி மாதத்தில்தான் கேள்விப்படுகிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் சட்டமா அதிபருக்கும் வழக்கில் சேர்க்கிற வைத்தியருக்கும் முதலில் எழுத்தில் அறிவித்தல் கொடுத்து, ஒரு மாதம் போனபிறகுதான் வழக்குப் போடலாம். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 461ஆம் பிரிவு. ஆக, 24 மாதத்தில் ஒன்று அங்கே போகிறது. உங்களுக்கு 14 போய்விட்டது. நிம்மதியாக வேலை செய்ய மிச்சம் 9.

அந்த 9 மாதமும் தாராளம் இல்லை. வாட்டில் எழுதிய டிக்கெட்டின், அதாவது சிகிச்சைக் குறிப்பின், பிரதி வேண்டும், அதைப் படித்து "இது பிழை, இந்தப் பிழையால்தான் கால் போனது" என்று சாட்சி சொல்ல இன்னொரு விசேட வைத்தியர் வேண்டும். டிக்கெட்டைத் தர இழுத்தடித்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், வாப்பாவின் சம்மதக் கடிதத்தோடு கேளுங்கள். 14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். சாட்சிதான் கஷ்டம். சின்ன ஊர், டொக்டர்மார் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். நாட்டிலேயே பேர்போன வழக்கு, குழந்தை மருத்துவப் பேராசிரியை பிரியானி சொய்சாவுக்கு எதிராக, இறந்துபோன சிறுமியின் தகப்பன் அர்செகுலரத்ன போட்டது. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் கொடுத்தது, மேன்முறையீட்டு நீதிமன்றம் இரண்டரை இலட்சமாகக் குறைத்தது, 2001இல் உயர் நீதிமன்றம் அதையும் தள்ளிவிட்டது. கவனக்குறைவுதான் மரணத்துக்குக் காரணம் என்ற தொடர்பு நிறுவப்படவில்லை என்பதே விஷயம்.

அடிப்படை உரிமை வழக்கைப் பற்றிக் கேட்காதீர்கள், அதற்கு ஒரே ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு போட்டிருந்தால் அங்கே விசாரணை நடக்கிற காலம் கணக்கில் வராது. நீங்கள் போட்டதாகச் சொல்லவில்லை. மருத்துவ சபையில் முறையிடலாம், ஆனால் அங்கே நட்டஈடு கிடைக்காது, டொக்டர்மீது ஒழுக்காற்று நடவடிக்கை மட்டும்தான். யூடியூப்பில் தமிழில் தேடினால் "நுகர்வோர் நீதிமன்றத்தில் போடுங்கள், தாமதமானால் மன்னிப்பு மனு கொடுங்கள்" என்று வரும். அது இந்தியா. இங்கே அப்படியொரு நீதிமன்றமும் இல்லை, 2 வருஷம் கடந்ததை மன்னிக்கிற மனுவும் இல்லை.

அமைச்சு விசாரணையைக் கைவிடச் சொல்லவில்லை, அது ஒரு பக்கம் ஓடட்டும். டயக்னோசிஸ் கார்ட்டில் ஆபரேஷன் திகதி இருக்கும், அதை எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். செலவுக்குக் கையில் இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேளுங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு வழக்கு நடத்திக் கொடுப்பார்கள். உள்ளே போனதும் கதையைத் தொடங்காதீர்கள், முதலில் திகதியைச் சொல்லுங்கள்.