பலகையில் இல்லாத ஜூன் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நான் சேலம் அம்மாபேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஏழு வருடமாகத் தினமும் காலையில் கடை வாசலில் ஒரு கரும்பலகையில் 'இன்றைய நாள்' என்று தலைப்புப் போட்டு, அந்தத் தேதியில் நடந்த சம்பவங்கள், பிறந்தவர்கள், இறந்தவர்கள், ஒரு விடுகதை, ஒரு ஜோக் எழுதி வைக்கிறேன். முன்பெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்று படிப்பார்கள். தறிக்குப் போகிறவர்கள் சைக்கிளை ஒரு காலில் ஊன்றிப் படிப்பார்கள். இப்போது அவ்வளவாக யாரும் நிற்பதில்லை. என் மகன், "எல்லாம் போன்லயே வருது, அதையே பாத்துத்தான் நீங்களும் எழுதறீங்க, எதுக்குப்பா இந்த வேலை" என்கிறான். என் மனைவி மட்டும் இன்னும் தினமும் ராத்திரி பலகையைத் துடைத்து, சுற்றிலும் கோலம் மாதிரி பார்டர் போட்டுத் தருகிறாள்.

மூன்று கேள்விகள். இதை நிறுத்திவிடலாமா? பாரதியார் நினைவு நாள் செப்டம்பர் 11-ஆ, 12-ஆ? (போன வருடம் ஒரு வாத்தியார் கடைக்கே வந்து சண்டை போட்டார்.) துக்கமான செய்தி உள்ள நாளில் ஜோக் போடலாமா? சில நாட்களின் பலகைப் படங்களை இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)
அம்மாபேட்டை, சேலம்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் மேச்சேரியில் எங்கள் பழைய வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தோம். பரணில் அப்பாவின் தகரப்பெட்டி கிடந்தது. பத்திரம் ஏதாவது இருக்கும் என்று திறந்தால், உள்ளே முழுக்கத் தேதி காலண்டரில் கிழித்த தாள்கள். ராகுகாலம், எமகண்டம், சூலம் எல்லாம் போட்ட அதே சின்னத் தாள்கள், வருடத்துக்கு ஒரு கட்டாகச் சணல் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார். ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் பென்சிலில் ஓர் எண். மேட்டூர் அணையின் அன்றைய நீர்மட்டம். தாள்களை மடியில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தவன் அன்று வேறு வேலையே பார்க்கவில்லை. அப்புறம் ராத்திரி உங்கள் கடிதத்தைத் திறந்தால் அதிலும் தேதி, தேதி, தேதி. அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். பாரதி இறந்தது 1921 செப்டம்பர் 11 இரவு, நள்ளிரவு தாண்டி. கடிகாரக் கணக்கில் 12. விடிந்தால்தான் மறுநாள் என்ற நம் வீட்டுக் கணக்கில் 11. அரசு மகாகவி நாள் என்று அறிவித்திருப்பதும் 11-தான். இந்த மூன்று வரியையும் அப்படியே பலகையில் எழுதுங்கள், வாத்தியார் நின்று படித்துவிட்டுப் போகட்டும். பிள்ளைகளை நிறுத்த வேண்டுமென்றால் செப்டம்பர் 3 வரும்போது, 'இந்தத் தேதியே 1752-இல் பிரிட்டனில் கிடையாது' என்று போடுங்கள். காலண்டரை மாற்றியபோது செப்டம்பர் 2-க்கு மறுநாளை 14 என்று வைத்துக்கொண்டார்கள், நடுவில் பதினொரு நாள் காணாமல் போயிற்று. ஏன் என்று ஒரு பிள்ளையாவது கேட்கும்.

ஜோக்கைப் பற்றி. துக்க நாளில் போடலாம், தப்பில்லை, சாவு வீட்டிலும் ஒரு பெரியவர் சிரிக்கச் சிரிக்கப் பேசத்தான் செய்வார். ஆனால் நீங்கள் அனுப்பிய எட்டுப் படத்தில் ஆறில் இருப்பது பெண்டாட்டி ஜோக். புடவை, பூரிக்கட்டை, மாமியார். ராத்திரி அத்தனை வேலையும் முடித்துவிட்டு உட்கார்ந்து அந்தப் பலகையைத் துடைத்து, ஓரமெல்லாம் வளைத்து வளைத்துக் கோடு இழுத்துத் தருகிறாரே அந்த அம்மா, அவர் போட்ட கோட்டுக்குள்ளேயே அவரைக் கேலி செய்து எழுத உங்களுக்கு எப்படி மனசு வருகிறது? நாளையிலிருந்து நிறுத்துங்கள். இதைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

இப்போது அந்த நான்காவது படத்துக்கு வருகிறேன். ஜூன் 12, 2024. பெரிதாக்கிப் பார்த்தேன், நல்ல கையெழுத்து உங்களுக்கு. 1898: பிலிப்பைன்ஸ் சுதந்திரப் பிரகடனம். 1929: ஆன் பிராங்க் பிறந்த நாள். 1964: நெல்சன் மண்டேலாவுக்கு ஆயுள் தண்டனை. 1975: இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்று அலகாபாத் உயர்நீதிமன்றத் தீர்ப்பு. குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாள். எல்லாம் சரியான தகவல், ஒன்றும் தப்பில்லை. ஆனால் தம்பி, நீங்கள் சேலத்துக்காரர். உங்கள் கடையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்தில் மேட்டூர். ஜூன் 12 என்றால் இந்த மாவட்டத்தில் என்ன நாள் என்று உங்களுக்குத் தெரியாதா? தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரை நடுராத்திரியில் எழுப்பி ஜூன் 12 என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். குறுவைக்கு மேட்டூர் கதவைத் திறக்கிற நாள் என்பார். ஜூன் 12-இல் திறப்பு, ஜனவரி 28-இல் அடைப்பு. டெல்டாவின் வருடமே அந்த இரண்டு தேதிக்கு நடுவில்தான் ஓடுகிறது. உங்கள் பலகையில் பிலிப்பைன்ஸ் இருக்கிறது, மேட்டூர் இல்லை.

திறந்தால் மட்டும்தான் செய்தி என்று நினைக்காதீர்கள். அணையில் 90 அடிக்கு மேல் தண்ணீர் இருந்தால்தான் குறித்த நாளில் திறப்பார்கள். 2020, 2021, 2023, 2025 ஆகிய வருடங்களில் சரியாக ஜூன் 12-இல் திறந்தார்கள். 2022-இல் தண்ணீர் நிறைய இருந்ததால் மே 24-லேயே திறந்துவிட்டார்கள். நீங்கள் படம் அனுப்பிய 2024-இல் திறக்கவில்லை, ஜூலை 28 வரை இழுத்தது. நீங்கள் ஆன் பிராங்க் பெயரை எழுதிக்கொண்டிருந்த காலையில் அணை வற்றிக் கிடந்தது, பண்ணவாடியில் நந்தி வெளியே நின்றுகொண்டிருந்தது.

நந்தி பற்றிச் சொல்லியாக வேண்டும். 1925-இல் அணை கட்ட ஆரம்பித்து 1934-இல் முடித்தார்கள். அந்த வருடம் ஆகஸ்ட் 21-இல் திறப்பு. அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயரை நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். 120 அடி நிறைந்தால் 93.47 டி.எம்.சி. இதெல்லாம் போனில் வரும். அந்த 120 அடிக்குக் கீழே ஊர்கள் இருந்தன. காவிரிக்கரை வயல், கோவில், தெரு, களத்துமேடு எல்லாம் அப்படியே உள்ளே போயிற்று. கோடையில் தண்ணீர் இறங்க இறங்க, பண்ணவாடிப் பக்கம் முதலில் பழைய தேவாலயத்தின் கோபுரங்கள் தலை காட்டும். இன்னும் இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோவில் நந்தி தெரியும்.

எங்கள் அப்பாயி அந்தப் பக்கத்து ஊர்க்காரி. பத்து வயதில் ஆடு மாடோடு கிளம்பி வந்தவள். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் வீட்டில் தேதி கிழிக்கிற உரிமை அவளுக்கு மட்டும்தான். காலையில் குளித்துவிட்டு வந்து கிழித்துத் தாளை அப்பாவிடம் நீட்டி, "இன்னிக்கு எத்தனை அடிடா?" என்பாள். அப்பா டீக்கடைக்குப் போய்ப் பேப்பரில் பார்த்து வந்து சொல்லிவிட்டுத் தாளின் பின்னால் குறித்துக்கொள்வார். ஊரே அணை நிறைய வேண்டும் என்று கும்பிடும். இவள் இறங்குகிறதா என்று கேட்பாள். கேட்டுவிட்டு, கேட்டது யார் காதிலும் விழுந்துவிடக் கூடாது என்பது போலச் சமையல்கட்டுக்குள் போய்விடுவாள்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒரு வறட்சி. அந்த வருடக் கட்டை இப்போது பிரித்துப் பார்த்தேன். ஜூன் 12 தாள் இருக்கிறது, பின்னால் எண்ணுக்குப் பதிலாக 'திறக்கவில்லை' என்று அப்பா எழுதியிருக்கிறார். 14 இருக்கிறது. 13 இல்லை. அந்தத் தாள் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அன்று நானும் கூடப் போனேன். அப்பாயி காலையில் தேதியைக் கிழித்தாள், அப்பாவிடம் நீட்டாமல் அதிலேயே குங்குமம் வைத்து மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். மேச்சேரியிலிருந்து மேட்டூர், அங்கிருந்து கொளத்தூர் பஸ், அப்புறம் பண்ணவாடி வரைக்கும் நடை. வழியெல்லாம், "தஞ்சாவூருப் பக்கம் சனம் வயிறு காஞ்சு கெடக்குது, நான் ஊரப் பாக்கப் போறேன், நல்லாவா இருக்குது" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஆனால் நடையில் ஒரு வேகம்.

ஏரி மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் செத்த நத்தை ஓடுகள். தூரத்தில் தண்ணீர் இறங்கிய நிலத்தில் யாரோ கம்பு விதைத்திருந்தார்கள். ஓர் இடத்தில் நின்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். எனக்கு அங்கே ஒன்றுமே தெரியவில்லை, வெறும் சேறு காய்ந்த தரை. "இங்கருந்து கோயில் தெரு" என்றாள். பிறகு வளைந்து வளைந்து நடந்தாள், குறுக்கே போகலாம் என்று நான் சொன்னதற்கு, "அது அடுத்தவூட்டுத் திண்ணடா" என்றாள். நந்தியின் முதுகில் வண்டல் ஒட்டிக் காய்ந்திருந்தது. முந்தானையால் நெற்றியைத் துடைத்துவிட்டு, காலண்டர் தாளைப் பிரித்துக் குங்குமம் வைத்தாள். கும்பிடும்போது உதடு அசைந்தது. என்ன கேட்டாய் என்று பஸ்ஸில் நச்சரித்தேன். "தண்ணி வரட்டும்னு கேட்டேன், வேற என்னத்தக் கேக்கறது" என்றாள். வந்தால் நந்தி மூழ்கிவிடுமே என்றேன். பதில் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தாள் நந்தியின் காலடியில் ஒரு கல்லுக்கு அடியிலேயே இருந்திருக்கும்.

இதைச் சொல்ல ஆரம்பித்து எங்கேயோ போய்விட்டேன். உங்கள் மகன் சொல்வது இதனால்தான் பாதி சரி தம்பி. போனில் வருகிறதையே பார்த்து எழுதினால் போனே போதும், பலகை எதற்கு? போனைத் தயாரிக்கிறவனுக்கு அம்மாபேட்டை தெரியாது. உங்களுக்குத் தெரியும். அந்தக் குழந்தைத் தொழிலாளர் நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றை வரியில் முடித்துவிட்டீர்கள். என்னோடு ஐந்தாவது வரை பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன் ஆறாவதுக்கு வரவில்லை, தறிக்கு நூல் தார் சுற்றப் போய்விட்டான். பள்ளிக்கூடம் விட்டு நான் வரும்போது தறிக்கூடத்து ஜன்னலில் அவன் தலை மட்டும் தெரியும். அவன் வயதுக்காரர்கள் உங்கள் தெருவிலேயே நாலு பேர் இருப்பார்கள், சைக்கிளை ஊன்றி நின்று உங்கள் பலகையைப் படித்ததே அவர்களாகத்தான் இருக்கும். ஒருவரிடமாவது, எத்தனை வயதில் தறிக்கு வந்தீர்கள் என்று கேட்டு எழுதியிருந்தால் அந்த ஒரு வரிக்காகத் தெருவே நின்றிருக்கும்.

சேலத்துக்குத் தேதிக்கா பஞ்சம்? 1937 அக்டோபர் 1-இல் மதுவிலக்கு முதலில் வந்தது இந்த மாவட்டத்தில்தான், கொண்டுவந்த ராஜாஜி இதே ஊர் நகராட்சிக்குத் தலைவராக இருந்தவர். 1944 ஆகஸ்ட் 27-இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது இந்த ஊர் மாநாட்டில். 1950 பிப்ரவரி 11-இல் சேலம் சிறைக்குள் துப்பாக்கிச்சூடு நடந்து 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தார்கள். நீங்கள் அனுப்பியதில் ஒரு பிப்ரவரி 11 படமும் இருக்கிறது. அதில் மண்டேலா விடுதலை இருக்கிறது, 1990. இருக்கட்டும், எடுக்க வேண்டாம், அவரும் நம் ஆள்தான். ஆனால் உங்கள் ஊர்ச் சிறைக்குள் செத்த அந்த 22 பேரையும் அவர் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டாமா? இதைப் பார்த்ததும் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது, மறைத்துப் பிரயோஜனமில்லை.

நிறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். நிறுத்தக் கூடாது. ஏழு வருடம் ஒரு நாள் விடாமல் ஒருவர் பலகையில் எழுதியிருக்கிறார் என்றால் அவரை நான் கும்பிட வேண்டும், திட்டிக்கொண்டிருக்கிறேன், மன்னித்துவிடுங்கள். உலகச் செய்தியை மூன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், வலது பக்க மேல் மூலையில் உங்கள் வீட்டம்மாவிடம் சொல்லி ஒரு சின்னக் கட்டம் போட்டுத் தரச் சொல்லுங்கள். அதில் தினமும் மேட்டூர் நீர்மட்டத்தை எழுதுங்கள், பேப்பரில் வருகிறது. வெள்ளைச் சாக்பீஸே போதும், கலர் போட்டால் வெயிலில் தெரியாது. அடுத்த ஜூன் 12 பலகையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், திறந்தாலும் சரி, திறக்காவிட்டாலும் சரி.

அன்புடன்,
அண்ணன்